பதினொன்றாம் நம்பரின் ஐந்தாவது ஃபவுல்

1982 நவம்பர் 3, புதன்

மழை. விளையாட்டு அறையில் பன்னிரண்டு பந்துகளுக்குக் காற்றடித்தேன். ஒன்பது நின்றன. மூன்று பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டன. பி.டி. மாஸ்டர் எட்டிப் பார்த்து, "வேலம்மா, அந்த மூணுக்கும் ஒட்டுப் போட்டுருங்க" என்றார். நாற்பத்தாறு வயதில் எனக்கும் யாராவது ஒட்டுப் போட்டால் தேவலை.

வாரப் பத்திரிகைக்கு அனுப்பிய நகைச்சுவைத் துணுக்கு திரும்பி வந்துவிட்டது. இதோடு இருபத்து மூன்று. பிரசுரமானவை இரண்டு. அதில் ஒன்று பக்கத்து ஊட்டு வீராயியின் மாமியாரைப் பற்றியது என்பது வீராயிக்கு இன்னும் தெரியாது. தெரிகிற அன்றைக்கு நான் கிளியூர்ப் பக்கம் குடிபோக வேண்டியிருக்கும்.

என் மகன் சென்றாயன் எஸ்டேட்டில் காப்பிப் பழ மூட்டை சுமக்கிறான். சாயந்திரம் நனைந்த கோழி மாதிரி வந்து நின்றான். ஆறடி ஆறங்குலக் கோழி. அவன் அப்பா ஐந்தடி நாலு. நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இதை வைத்து இந்த எஸ்டேட் லைன் வீடுகளில் இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "குழந்தையில கொடியில காயப்போட்டேன், இழுத்துக்கிச்சு" என்று சொல்லிவிடுவேன். வேறென்ன சொல்வது.

நவம்பர் 8, திங்கள்

எனக்கு ஒரு கடிதம். விலாசம்: "ஸ்கோரர், விளையாட்டு அறை." பத்தொன்பது வருஷமாக இந்தப் பள்ளி மைதானத்தில் ஸ்கோர் எழுதுகிறேன். ஸ்கோரர் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே வெளியூரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

எழுதியவர் பெயர் கருப்பண்ணன். கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலைக் கூடைப்பந்து அணியின் மேனேஜர். செப்டம்பரில் சேலத்தில் எங்கள் டவுன் அணி ஆடியதைப் பார்த்தாராம். பதினொன்றாம் நம்பர் பையன் மேல் ஒரு கண். அவர்களுக்கு ஒரு பிவட் வேண்டும். கூடைக்கு அடியில் நின்று மல்லுக்கட்டுகிற நெட்டையன். பதினோரு மாதக் காண்ட்ராக்ட். பகலில் நூல் கிடங்கில் வேலை, சாயந்திரம் பயிற்சி, தேறினால் நிரந்தரம். ஜனவரி முதல் தேதியில் இருபத்திரண்டு வயது முடிந்திருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு இப்படி எழுதியிருக்கிறார்: "கோச்சுகள் அவரவர் பையனைத் தூக்கிவிடுவார்கள். ஸ்கோர் எழுதுகிறவருக்கு யார் மேலும் பாசம் கிடையாது. ஆகவே அந்தப் பையனின் ஆட்டத்தைப் பற்றி ஒளிவு மறைவு இல்லாமல் ஓர் அறிக்கை அனுப்பவும்."

பாசம் கிடையாதாம். பதினொன்றாம் நம்பரைப் பெற்று முடிக்க எனக்கு இரண்டு பகல் ஓர் இரவு ஆனது.

மாஸ்டரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "எழுதுங்க வேலம்மா. நீங்க அவனுக்கு யாருன்னு அவரு கேட்டாரா? கேட்கல. அப்புறமென்ன."

ஜனவரி பத்தொன்பதில் சென்றாயனுக்கு இருபத்திரண்டு முடிகிறது. பதினெட்டு நாள் வித்தியாசத்தில் தொங்குகிறோம். இதுதான் முதல் வாய்ப்பு. கடைசியும் இதுதான்.

நவம்பர் 9, செவ்வாய்

முதல் வரைவு: "சென்றாயன் நல்லொழுக்கம் உடையவன். பீடி, கள் கிடையாது. பெரியவர்களிடம் மரியாதை…"

கிழித்தேன். இது பெண் கேட்டுப் போகும்போது சொல்வது.

நவம்பர் 11, வியாழன்

இரண்டாவது வரைவைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். எனக்கே அழுகை வந்தது. அதையும் கிழித்தேன்.

நவம்பர் 14, ஞாயிறு

இன்று வெள்ளக்கடை அணியோடு ஆட்டம். எனக்குள் இருக்கிற அம்மாவை வீட்டில் பூட்டிவிட்டுப் போனேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

குதிக்க மாட்டான். குதிக்கவே மாட்டான். பதினாறு வயதிலிருந்து சரிவில் மூட்டை சுமந்தவன். ஒரு கால் ஊன்றிய பிறகுதான் மறு கால் எடுக்க வேண்டும் என்று உடம்பில் ஏறிவிட்டது. இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பினால் செத்துப்போவோம் என்று அவன் கால்கள் நம்புகின்றன.

இடது கை ஒப்புக்குத்தான் இருக்கிறது. ஃப்ரீ த்ரோ பத்துக்கு நாலு. எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் இவன் கூட்டத்தில் செருப்பைத் தேடுகிறவன் மாதிரித் திரும்புவான்.

நல்லது? கை. ஆரஞ்சு சீசனில் மரத்தில் ஏறினவன் பறித்துப் போடப் போட, கீழே நின்று ஒன்று விடாமல் பிடிப்பான். பழம் நசுங்கக் கூடாது, தரையிலும் விழக் கூடாது. அந்தக் கைக்குள் பந்து வந்துவிட்டால் பிடுங்குவதற்கு ஆள் கிடையாது. கூடையில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டை ஸ்கோர்ஷீட்டில் எழுதுகிற வழக்கம் இல்லை. நான் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். இன்று பதினாலு கோடு. ரீபவுண்ட் எடுத்தால் தானே போட வேண்டும் என்ற ஆசையும் இல்லை. எவன் சும்மா நிற்கிறானோ அவனைப் பார்த்துக் கொடுத்துவிடுவான்.

அப்புறம் ஃபவுல். தூக்கின கையைக் கீழே இறக்காமல் இருக்கத் தெரியாது. பக்கத்திலிருப்பவன் தலைமேல் விறகு இறக்குகிற மாதிரி இறக்குவான். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். இன்று பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டான். சென்ற வாரமும் இதே கதை. அதற்கு முந்தைய வாரமும்.

நவம்பர் 17, புதன்

அனுப்பிவிட்டேன். குதிக்கமாட்டான் என்று எழுதினேன். இடது கையை எழுதினேன். ஃப்ரீ த்ரோவை எழுதினேன். ரீபவுண்ட், கை, கொடுக்கிற குணம், எல்லாம் எழுதினேன்.

ஃபவுலை எழுதவில்லை.

இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாளின் பின்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது.

நவம்பர் 21, ஞாயிறு

இவருக்கும் எனக்கும் வாய்ச்சண்டை. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் நிரந்தரத் தொழிலாளி ரிஜிஸ்டரில் புதுப்பேர் சேர்க்கிறார். டிசம்பர் முப்பத்தொன்றோடு மூடிவிடுவார்கள். அடுத்தது எப்போதோ.

"பந்து வெளையாடி எவன் சோறு தின்னான், சொல்லு பார்க்கலாம்" என்றார் பெரியசாமி. என் வீட்டுக்காரர்தான். எஸ்டேட் லாரி டிரைவர். "பேரைக் குடுத்தா லைன்ல ஒரு ஊடு. அவனுக்கும் ஒரு புள்ளையப் பார்க்கலாம்."

"பேரைக் குடுத்தா அறுபது வயசு வரைக்கும் மூட்டை தூக்கணும்."

"நான் தூக்கலையா? எங்கப்பன் தூக்கலையா?"

"அதாங்க. போதும்னு சொல்றேன்."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். சென்றாயன் இருவருக்கும் நடுவில் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் கூரையில் இடிக்கும். அதனால் எப்போதும் ஏதோ தப்புச் செய்தவன் மாதிரியே இருப்பான், பாவம்.

நவம்பர் 29, திங்கள்

பதில் வந்துவிட்டது. "இதுபோல் நடுநிலையான அறிக்கையை நான் படித்ததில்லை" என்று எழுதியிருக்கிறார் கருப்பண்ணன்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி நேரில் வருகிறார். சேலத்து அணி ஒன்றையும் கூட்டி வருகிறார். அதில் வெள்ளையன் என்று இன்னொரு பிவட், அவனும் அவர் பட்டியலில் இருக்கிறானாம். இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்துவிட்டு ஒருவனை எடுப்பார்.

கடைசி வரி: "ஸ்கோரர் மேஜையில் உங்களுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கவும்."

டிசம்பர் 4, சனி

சென்றாயனிடம், "கையை இறக்காதே கண்ணு. தூக்கின கை தூக்கினபடியே நிக்கட்டும்" என்றேன். "சரிங்க" என்றான். பரணிலிருந்து அண்டா மூடியை எடுத்துக் கொடுத்தான். கையை இறக்கும்போது என் தலையில் இடித்தான்.

டிசம்பர் 11, சனி

பயமாக இருக்கிறது. இதில் நகைச்சுவைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

டிசம்பர் 12, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கு வசதியாக மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

கருப்பண்ணன் ஒல்லியான மனிதர். பிளாஸ்க்கில் சொந்தமாகக் காப்பி கொண்டு வந்திருந்தார், காப்பி விளைகிற ஏற்காட்டுக்கு. மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார். எனக்கு வெட்கமே வந்துவிட்டது. வீராயி படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். பாதிக் கடலையை அவளே தின்றுகொண்டிருந்தாள்.

முதல் பாதி. வெள்ளையன் நன்றாகக் குதிக்கிறான். பார்க்க அழகு. ஆனால் குதித்துக் கைக்கு வந்ததை நழுவவிடுகிறான். சென்றாயன் தரையில் நின்றபடியே எட்டு கோடு வாங்கிவிட்டான். கருப்பண்ணன் என் பென்சில் கோடுகளை எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ஃபவுல் மூன்று. அதையும் பார்த்தார்.

இரண்டாம் பாதி தொடங்கி நான்கு நிமிடத்தில் நாலாவது ஃபவுல். எண் நாலு எழுதிய மட்டையைத் தூக்கிக் காட்டினேன். ஒவ்வொரு ஃபவுலுக்கும் அவனுக்கு இது எத்தனையாவது என்று ஸ்கோரர் தூக்கிக் காட்ட வேண்டும். என் கை மேஜைக்கு மேல் வரவே மாட்டேன் என்றது.

அப்புறம் மேகம் இறங்கியது.

டிசம்பரில் இங்கே மூன்றரை மணிக்கு மேல் மேகம் இறங்கினால் எதிர்க்கூடை தெரியாது. ஆட்டத்தை நிறுத்துவது எங்கள் வழக்கம் இல்லை. நிறுத்தினால் வருஷத்தில் ஆறு மாதம் ஆடவே முடியாது. நடுவர் விரலில் நம்பர் காட்டுவதும் தெரியாது. ஆகவே ஃபவுல் செய்தவன் கையைத் தூக்க வேண்டும் என்று விதியில் இருப்பதை மற்ற ஊரில் ஒப்புக்குச் செய்வார்கள், இங்கே அதுதான் சட்டம். விசில் கேட்டால் நான் கையைத் தேடுவேன். தூக்கினவன் பேரில் எழுதுவேன். பத்தொன்பது வருஷத்தில் எவனும் இதில் பொய் சொன்னதில்லை. எங்கள் ஊரில் பொய் சொல்ல வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

எட்டு நிமிடம் பாக்கி. நாங்கள் மூன்று பாயிண்ட் முன்னால். விசில். கூடைக்கு அடியில் மூன்று நான்கு நிழல். அதில் எட்டாம் நம்பர் பொன்னுவேலும் ஒருவன், அவனுக்கு ரெண்டே ஃபவுல்தான்.

ஒரு கை எழுந்தது. மேகத்துக்கு மேலே, அத்தனை உயரத்தில், வேறு யார் கை எழும்?

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

எட்டாம் நம்பர் பேரில் எழுதினேன். மூன்று என்ற மட்டையைத் தூக்கினேன்.

கை இறங்கவில்லை. அப்படியே நின்றது. சொல்லிக் கொடுத்தேன் அல்லவா, தூக்கின கை தூக்கினபடியே நிற்கட்டும் என்று. பிறகு அந்த உருவம் நடந்து வந்தது. மேஜைக்கு முன்னால் வந்து குனிந்து, "அம்மா, அது எனக்குங்க. அஞ்சு" என்றான்.

கருப்பண்ணன் பிளாஸ்க் மூடியைக் கீழே வைத்தார். "அம்மாங்களா?"

"இங்க எல்லாப் பசங்களும் அப்படித்தானுங்க கூப்புடறது" என்றேன். எப்படி வருகிறது பாருங்கள் எனக்கு. மூச்சு விடுகிற மாதிரி வருகிறது.

அவர் நம்பியிருப்பார். தலையைக்கூட ஆட்டிவிட்டார். படிக்கட்டிலிருந்து வீராயி ஊரே கேட்கிற மாதிரி, "அட வேலம்மா, பெத்த பையனே ஒத்துக்கறான், நீ என்னத்துக்கு மூடி மூடி வைக்கற? எழுதித் தொலை, நேரமாவுது" என்றாள்.

எழுதித் தொலைத்தேன். எட்டை அடித்துப் பதினொன்றில் எழுதினேன். மாஸ்டர் வந்து திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல். ஐந்தாம் மட்டையைத் தூக்கினேன். அவன் போய் பெஞ்சில் உட்கார்ந்தான். ஆறு பாயிண்டில் தோற்றோம்.

கருப்பண்ணன் நாற்காலியை ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டு மீதி ஆட்டத்தைப் பார்த்தார். போகும்போது வணக்கம் சொன்னார். என்னைவிட அந்த வணக்கம் குள்ளமாக இருந்தது.

டிசம்பர் 13, திங்கள்

மாஸ்டர் கூப்பிட்டார். இனி மேஜையில் உட்கார வேண்டாம் என்றார். பந்து, வலை, சாவி, அதெல்லாம் என் வேலையாம். "கேட்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றதுங்க" என்றார். நியாயம்தான்.

சென்றாயன் என்னோடு பேசவில்லை. கோபமும் இல்லை. அடுப்புக்கு விறகு எடுத்து வைத்தான், தண்ணீர் தூக்கி வந்தான். திட்டினாலாவது தேவலை. டேய், திட்டுடா.

நான் எட்டாம் நம்பர் பேரில் எழுதாமல் இருந்திருந்தால், அவன் நேர்மையாக ஐந்து ஃபவுலில் வெளியே போயிருப்பான். அவ்வளவுதான். ஃபவுல் நிறையச் செய்கிற நல்ல பையன். இப்போது? அந்த அறிக்கையில் உள்ள ரீபவுண்டும் பொய், கையும் பொய், எல்லாமே பெத்தவள் ஊதின பலூன். இரண்டு வருஷம் அவன் நிஜமாக எடுத்த ஒவ்வொரு பந்தையும் நான் ஒரே கோட்டில் அழித்துவிட்டேன். ஏண்டி இப்படிப் பண்ணினே? ஏன்?

டிசம்பர் 15, புதன்

மாஸ்டரிடம் அலமாரிச் சாவி கேட்டேன். "எதுக்கு?" என்றார். "ஸ்கோர்ஷீட் கார்பன் காப்பிங்க. ரெண்டு வருஷத்துது." எடுத்துக் கொடுத்தார்.

நாற்பத்தொரு ஆட்டம். உட்கார்ந்து எண்ணினேன். இருபத்தொன்பதில் சென்றாயன் ஐந்து ஃபவுலில் வெளியே போயிருக்கிறான். தெரியும் எனக்கு. ஆனாலும் இன்னொரு முறை எண்ணினேன்.

புதிதாக அறிக்கை எழுதினேன். இந்த முறை ஃபவுலில் ஆரம்பித்தேன். இருபத்தொன்பது. சராசரியாக எத்தனையாவது நிமிடத்தில். எந்தக் கையால். எப்படிப்பட்ட ஆளிடம் அதிகம். அதற்குப் பிறகு மற்றதெல்லாம். கடைசியில், "இந்தப் பையனின் தாய், பெ. வேலம்மாள், முன்னாள் ஸ்கோரர்" என்று போட்டேன். கார்பன் காப்பிகளையும் சேர்த்து மூட்டை கட்டி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். தபாலாபீஸில், "என்னம்மா, நாவலா?" என்றார்கள். "ஆமாங்க, சோகக் கதை" என்றேன்.

டிசம்பர் 22, புதன்

ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 28, செவ்வாய்

வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டால் வேறு பாதையில் போகிறார்.

டிசம்பர் 30, வியாழன்

சென்றாயன் தானாகவே சொன்னான்: "நாளைக்கு அப்பாவை ரைட்டர் ஆபீஸ்ல எம்பேரைக் குடுக்கச் சொல்லீருங்கம்மா."

"இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம் சாமி."

"பார்த்தாச்சுங்கம்மா." அப்புறம், "நொம்ப நாளு நீங்களே பார்த்தாச்சு" என்றான்.

டிசம்பர் 31, வெள்ளி

இவர் சட்டை மாட்டிக்கொண்டு காலையிலேயே ரைட்டர் ஆபீசுக்குப் போனார். மத்தியானம் வந்து, "ரைட்டர் லீவாம். ரிஜிஸ்டரை மூடிட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டார். போச்சு. இதுவும் போச்சு.

சாயந்திரம் வீராயி வந்தாள். அவள் மகன் பேரை இன்றைக்குத்தான் சேர்த்தாளாம், ரைட்டர் தேன்மிட்டாய் கொடுத்தாராம். "உங்க ஊட்டுக்காரரும் வந்தாரே. வரிசையில எனக்கு முன்னாடி நின்னாரு. அவரு முறை வந்ததும், சும்மா பார்க்க வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு. ஏன் வேலம்மா, உடம்பு கிடம்பு செரியில்லையா?"

இவரைப் போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துத் தூங்குகிற மாதிரிப் படுத்திருந்தார். இந்த வீட்டில் பொய் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று இருபத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

1983 ஜனவரி 6, வியாழன்

வந்துவிட்டது. சென்றாயன் பேருக்கு.

வெள்ளையனை வேறொரு அணி கொத்திக்கொண்டு போய்விட்டதாம். அதனால்தான் நாங்கள். கருப்பண்ணன் அதை மறைக்கவில்லை. பதினோரு மாதம் இல்லை, ஆறு மாதம்தான். ஜூலைக்குள் ஃபவுல் குறையாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இடது கையைப் பழக்க வேண்டும். "உங்கள் தாயாரின் முதல் அறிக்கையைக் கிழித்துவிட்டேன். இரண்டாவதை எங்கள் கோச்சிடம் கொடுத்திருக்கிறேன்; அதை வைத்துத்தான் பயிற்சி."

அடியில் ஒரு வரி: எங்கள் அணியின் எந்த ஆட்டத்திலும் தாயார் மேஜைப் பக்கம் வரக் கூடாது.

சென்றாயன் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை படித்தான். அப்புறம் சிரித்தான். டிசம்பர் பன்னிரண்டுக்குப் பிறகு இப்போதுதான். நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு வெளியே ஓடினான், அப்பாவிடம் சொல்ல.

ஜனவரி 10, திங்கள்

அவனை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அவன் உட்கார முன் சீட்டில் கால் நீட்ட இடம் கேட்டு இவர் கண்டக்டரோடு சண்டை போட்டார். ஊடு பெரிதாகிவிட்டது.

பிப்ரவரி 20, ஞாயிறு

சேலத்தில் மில் அணிக்கு ஆட்டம். இவர் லாரியோடு ஆத்தூர் போயிருந்தார். நான் மட்டும் போனேன். மேஜைக்கு எதிர்ப்பக்கம், மேல் வரிசையில், முக்காட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சென்றாயனிடம் வருவதாகச் சொல்லவில்லை.

பதினாலாவது நிமிடத்தில்தான் அவனை இறக்கினார்கள். வந்ததும் ஒரு பந்து அவன் தலைக்கு மேல் போயிற்று. பார்த்துக்கொண்டே நின்றான்.

பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர். "மில்லுக்காரன் எங்கிருந்துங்க புடிச்சான் இந்த நெட்டையனை? குதிக்கவே மாட்டேங்கறான்."

"ஆமாங்க" என்றேன். "கால் தரையை உட்டு எழும்பாது. எடது கையும் வராது."

"அப்புறம் என்னத்துக்குங்க வச்சிருக்கறாங்க?"

"பந்து கைக்கு வரட்டும், பாருங்க."

வந்தது. மூன்று பேர் மேலே விழுந்தார்கள். அவன் கை இரண்டும் மேலேயே நின்றன, இறங்கவில்லை. மூலையில் சும்மா நின்ற ஒருவனைத் தேடிக் கொடுத்தான். அவன் போட்டான்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஆட்டம் தெரியுமாட்ட இருக்குதுங்களே. அந்தப் பையன் யாருன்னு தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க" என்றேன். "சும்மா பார்க்க வந்தேன்."

அவர் பொரிப் பொட்டலத்தை நீட்டினார். ஒரு கை அள்ளினேன். கண் ஆட்டத்திலேயே இருந்ததில் பாதி மடியில் கொட்டிவிட்டது.